சீ என்றால் ஆம்

"பிள்ளையள் ஆசையா வந்து கேட்க, அதுகளைப் பார்த்து சீ எண்டோ சொல்லப் போறியள்?" என்று கேட்டுவிட்டு என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஸ்பானிய மொழியில் ஆம் என்பதற்கு 'சீ' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானியச் சொல்லும் அதுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் இராசாவாக இருக்க ஒத்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனியின் பான் நகரில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு ஒரு ஸ்பானியப் பெண்ணும் வேலை செய்கிறாள். அவளுடைய ஆட்களுக்கு நத்தாரைவிட, அதாவது கிறிஸ்மஸைவிட, மூன்று இராசாக்கள் திருநாள்தான் பெரிது. இயேசு பாலனைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த அந்த மூவரும் திருநாளுக்கு முந்தின இரவு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகள் காலிலிருந்து கழற்றி வைத்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் பரிசு வைப்பார்களாம். அதற்கு முன், அன்று பின்னேரம், தேவாலய மண்டபத்தில் மூன்று பேர் வேடமிட்டு உட்கார்ந்து பிள்ளைகளின் ஆசைகளைக் கேட்பார்கள். மூன்றாம் இராசா பல்தசார் கறுப்பு. வழக்கமாக ஒரு ஸ்பானியர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு அந்தக் கதிரையில் இருப்பார். இந்த முறை இளம் பெற்றோர்கள் அது அசிங்கம், இனிமேல் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"உனக்கு மை தேவையில்லை," என்றாள் அவள், உருளைக்கிழங்கு உரித்தபடி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பாக எடுக்காதே," என்றாள்.

நான் "யா" என்றேன், ஜெர்மன் மொழியில் ஆம் என்று. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். விளங்காவிட்டாலும் யா, விருப்பமில்லாவிட்டாலும் யா. ஒருவரின் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

"இவ்வளவு காலமும் கறுத்தது வீண் போகேல்லை," என்றாள் மனைவி. தன்னுடைய சிவப்புப் பட்டுச் சேலையை என் தோளில் போர்த்து ஊசி குத்தினாள். "கோப்பி கீப்பி ஊத்திக்கொண்டு வந்தால் ராசாவெண்டும் பாக்கமாட்டன்."

மண்டபத்தில் சேலையில் ஒன்றும் சிந்திவிடாமல் கதிரை நுனியில் இருந்தேன். பஞ்சுத் தாடி பாதி முகத்தை மறைத்ததில் கொஞ்சம் ஆறுதல். பக்கத்துக் கதிரைகளில் இருந்த இரண்டு இராசாக்களும் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நீண்ட வரிசை என் முன்னால்தான் நின்றது. பிள்ளைகளுக்குப் பல்தசாரைத்தான் கூடப் பிடிக்குமாம். ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ சொல்லும். நான் சீ என்பேன். இனிப்பை எடுத்துக் கொடுப்பேன். சொல்லும் ஒவ்வொரு முறையும், பிள்ளையை ஏசிவிட்டதுபோல எனக்குள் ஒரு திடுக்கிடல்.

பிறகு ஒரு சிறுமி வந்தாள். மஞ்சள் கம்பளிச் சட்டை. மற்றவர்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னார்கள். இவள் என் காதோடு வாயை வைத்து நிறைய நேரம் குசுகுசுத்தாள். சீ என்றேன். உடனே பின்னால் நகர்ந்து என்னைப் பார்த்தாள். தாடியையோ கிரீடத்தையோ அல்ல, என் கண்களை. இன்னொரு தடவை ஏதோ கேட்டாள், மிகவும் சுருக்கமாக. நான் மறுபடியும் சீ என்றேன். அவள் இனிப்பை வாங்காமலே போனாள். நாலடி நடந்துவிட்டுத் துள்ளித் துள்ளி ஓடினாள்.

அதற்குப் பிறகு கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை. அவள் ஆசையைச் சொல்லவில்லை, எதையோ உறுதி செய்துகொண்டு போயிருக்கிறாள். வந்த புதிதில், அகதிகள் அலுவலகத்தில் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரிடம் நானும் அப்படித்தான் இரண்டாம் முறை கேட்டிருக்கிறேன், சொன்னதை நம்பலாமா என்று கண்ணைப் பார்த்து. நான் எதற்கு ஆம் என்றேன்?

உடை மாற்றும்போது, மஞ்சள் சட்டைப் பிள்ளை என்ன கேட்டிருப்பாள் என்று என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் கேட்டேன். "நாய்க்குட்டியாக இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள். வா, கேக் சாப்பிடலாம்," என்றாள்.

"நைன்," என்றேன். "தாயிடம் போய்க் கேள்."

இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து இல்லை என்ற அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. தாயைத் தேடிப் போனாள். நானும் பின்னால் போனேன். தாடி இல்லாத என்னை ஒருவருக்கும் தெரியவில்லை.

தாய் வளையக் கேக்கின் துண்டொன்றைத் தொடாமலே வைத்துக்கொண்டிருந்தாள். கோடையில்தான் ஸ்பெயினிலிருந்து குடும்பமாக வந்தார்களாம். இரண்டு பெண்களும் வேகமாகப் பேசினார்கள். பிறகு என்னோடு வேலை செய்பவள் ஜெர்மனில் சொன்னாள்:

"இன்றிரவு புது வீட்டுக்கும் இராசாக்கள் வருவார்களா என்று கேட்டிருக்கிறாள். நீ வருவோம் என்றிருக்கிறாய். உண்மையாகவா என்று கேட்டதற்கும் ஆம் என்றிருக்கிறாய். தாய் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள், அவர்கள் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள், இங்கே நத்தார் தாத்தா மட்டும்தான் என்று. பரிசெல்லாம் நத்தாருக்கே கொடுத்தாயிற்று."

தாய் என்னை நேராகப் பார்த்துத் தட்டுத்தடுமாறிய ஜெர்மனில் கேட்டாள். "இப்போது யார் பொய்? நானா, இராசாவா?"

அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த நாட்டில் ஒரு கடையும் திறந்திருக்காது. "நான் கொண்டு வருகிறேன்," என்றேன். எதை என்று தெரியாது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முகவரியைச் சொன்னாள். எட்டு மணிபோல மகள் படுத்துவிடுவாள், சப்பாத்தைக் கதவுக்கு வெளியே வைக்கிறேன் என்றாள்.

வீட்டில் அலுமாரி அலுமாரியாகத் திறந்து மூடினேன்.

"உங்களுக்கு நல்லா வேணும்," என்றாள் மனைவி. "வாயைத் திறந்தால் யா. இல்லாட்டிச் சீ."

எங்கள் மகன் வளர்ந்து வேறு நகரத்துக்குப் போய்விட்டான். அவனுடைய பழைய விளையாட்டுக் கார் ஒன்று கையில் அகப்பட்டது, சில்லு ஒன்று இல்லை.

"கிழக்கால இருந்து வாற ராசா பிளாஸ்ரிக் காரே கொண்டு வருவார்? அதை அங்கால வையுங்கோ." ஏசிக்கொண்டே புது வருடத்துக்குச் செய்த பயத்தம் பணியாரத்தைப் பேணியிலிருந்து எடுத்தாள். பிறகு உள்ளே போய், தன் தம்பியின் மகளுக்கு அனுப்ப வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையல்களைக் கொண்டு வந்தாள்.

"இது ஊருக்கு அனுப்பிறதெல்லோ?"

"ஊருக்கு வேற அனுப்பலாம். பிள்ளை பார்த்துக்கொண்டெல்லோ இருக்கும். போங்கோ."

அந்தப் பிள்ளையின் வீட்டு மாடிப்படியில் விளக்கைப் போட்டேன். அது தானாக அணைவதற்குள் ஏறிவிட வேண்டும். கதவுக்கு வெளியே சின்னச் சப்பாத்துகள் இரண்டு. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர், ஒரு கரட். இராசாக்கள் ஏறிவரும் ஒட்டகங்களுக்கு.

ஒரு சப்பாத்தில் பணியாரப் பொட்டலத்தையும் மற்றதில் வளையல்களையும் வைத்தேன். எவ்வளவு மெதுவாக வைத்தும் வளையல்கள் கலகலத்தன. தண்ணீர் அப்படியே இருந்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஊற்றுவதற்கு ஒரு பூச்சாடியோ யன்னலோ இல்லை. கிண்ணத்தைத் தூக்கி நானே குடித்தேன். அரைவாசி குடித்திருப்பேன், உள்ளே சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. கிண்ணத்தை வைத்துவிட்டுக் கரட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் விளக்கு அணைந்தது. சுவரோடு ஒட்டி நின்றேன்.

மேலே கதவு திறந்தது. பிறகு வளையல்களின் சத்தம். பிறகு அந்தப் பிள்ளையின் குரல், மண்டபத்தில் இரண்டாம் முறை என்னிடம் கேட்ட அதே சின்னச் சொல்லை இப்போது தாயிடம் கேட்டது.

தாய் வளையல்களைக் கையில் எடுத்திருக்க வேண்டும், மறுபடியும் கலகலத்தன.

"சீ," என்றாள்.