பூஜையில் வைத்த பாஸ்வேர்டு நோட்டு

"சர்வர் டவுன்" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அதென்ன, தானாகவா விழுந்துவிடுகிறது? நான் பார்த்த வரையில் பாதிக்குப் பாதி யாரோ ஒருவர் தள்ளிவிட்டதுதான். ஒரு தடவை தள்ளிவிட்டவள் நானே. தள்ளச் சொன்னவர் என் முதலாளி. அவரை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. முதலாளி, இரண்டு புரோகிராமர்கள், நான். சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் என்றதும் மாடியில் ஏதோ இரும்புப் பெட்டி இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது அமெரிக்காவில் இருந்தது. ஒரு பெரிய மெஷினைத் தடுத்து, நம் ஊரில் ஒரே வீட்டை நாலு போர்ஷனாக்கி வாடகைக்கு விடுகிற மாதிரி, அங்கே ஒரு கம்பெனி பிரித்துப் பிரித்து வாடகைக்கு விடும். எங்களிடம் அப்படி ஆறு போர்ஷன் இருந்தது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், டிரஸ்ட் என்று தாம்பரத்தைச் சுற்றியிருந்தவர்களின் இணையதளங்கள் அவற்றில் குடியிருந்தன. இரும்புலியூரிலிருந்து காலையில் ஸ்கூட்டியில் வந்து உட்கார்ந்தால், லினக்ஸ் போடுவது, டேட்டாபேஸை ஏற்றுவது, நிரம்பிப்போன டிஸ்கைக் காலி செய்வது என்று பொழுது போய்விடும். பிடித்துத்தான் செய்தேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் என் கையில் இல்லை. அந்த மெஷின்களுக்குள் நுழைந்து நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அணைக்கக்கூடச் செய்யலாம். ஆனால் அணைந்துபோன மெஷினை உள்ளேயிருந்து எழுப்ப முடியாது. வாடகைக்கு விட்ட கம்பெனியின் பக்கத்துக்குப் போய், "ஸ்டார்ட்" என்ற பட்டனை அழுத்த வேண்டும். அதற்கான பாஸ்வேர்டு முதலாளியின் நோட்டில் இருந்தது. பச்சை அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. அவசரத்துக்கு எனக்கும் சொல்லி வையுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன்.

"நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி எங்கயாவது போயிடுவே. சாவியைக் கண்டவங்க கிட்ட குடுக்க முடியுமாம்மா?" என்றார்.

கண்டவங்க! ராத்திரி பகல் பாராமல் அவருடைய மெஷின்களைக் கட்டி மேய்க்கிற நான் கண்டவள். போகட்டும்.

அவர் முப்பது வயதுவரை அப்பாவின் லேத் பட்டறையில் நின்றவர். பட்டறைக்காரருக்கு ஆயுத பூஜை தீபாவளியைவிடப் பெரிது. நான் சேர்ந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை அது. காலை ஒன்பதரைக்கெல்லாம் மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ், என் ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. சாமி படங்களுக்கு முன்னால் ஒரு ஏ4 தாள். எங்கள் ஆறு மெஷின்களின் இணைய முகவரியான ஐபி எண்களையும் கொட்டை எழுத்தில் பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலும் சந்தனம் தடவி வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல ஐடியாதான் என்றுகூட நினைத்தேன்.

"எல்லா மிஷினும் ஆஃப் பண்ணியாச்சா?" என்றார்.

"என்னோடது மட்டும்தான் சார் ஓடுது. அதையும் பண்ணிடறேன்."

"அந்த ஆறு?"

எனக்குப் புரியவில்லை. அவர் தாளைக் காட்டினார்.

"சார், அது அமெரிக்காவுல ஓடுது. நிறுத்தினா கஸ்டமர் சைட் எல்லாம் நின்னுடும்."

"எங்க ஓடினா என்னம்மா? வாடகை வீடுன்னு பொங்கலுக்குக் கோலம் போடாம இருக்கோமா? எங்கப்பா பட்டறையில இன்னிக்கு ஒரு மோட்டார் சுத்தினது கிடையாது. பூஜை முடிஞ்சதும் நானே ஸ்டார்ட் பண்ணிடறேன். நீ நிறுத்து."

இங்கே நான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அப்பா, அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். பூஜையில் நிற்பதில் எனக்கு ஒரு சங்கடமும் கிடையாது. பொரிகடலை என்றால் உயிர். ஆனால் இன்னும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால், "ஓ, இவ சர்ச்சுக்குப் போறவ, அதான் முரண்டு பண்றா" என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் வந்தது. தொழில்நுட்பமாகப் பேச வேண்டிய இடத்தில் அந்தப் பயம் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு ஆறு மெஷின்களையும் ஒவ்வொன்றாக அணைத்தேன்.

கற்பூரம் காட்டி, தெருவில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரி பொட்டலம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மூன்று மணி வாக்கில் சும்மா ஒரு பார்வை பார்ப்போமே என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஆறில் ஒன்றுகூடப் பதில் தரவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சேலையூரில் ஒரு டிரஸ்ட், கடலோரக் குப்பங்களிலிருந்து வரும் பெண்களுக்கு விடுதியோடு ஒரு வருஷ லேப் டெக்னீஷியன் பயிற்சி இலவசமாகக் கொடுத்துவந்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். கடைசி நாள் அன்றைக்கு, மாலை ஐந்து மணி. அந்த வரியைப் பக்கத்தில் ஏற்றியவளே நான்தான். காலையில் அது ஏன் என் மண்டையில் உறைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அடடா, மறந்தே போச்சும்மா" என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "ஆனா நோட்டு பூஜையில இருக்கே."

ஆயுத பூஜையும் சரஸ்வதி பூஜையும் ஒரே நாளில் வருவது. ஆபீஸில் இருந்த புத்தகங்களை எல்லாம் அடுக்கிச் சரஸ்வதி படத்தின் முன் வைத்தவர், தன் பச்சை நோட்டையும் அதில் வைத்திருக்கிறார். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுப்பார்கள். அதுவரை பிரிக்கக் கூடாது. பள்ளிக்கூட நாட்களில் என் சிநேகிதிகளுக்கு அது கொண்டாட்டம், ஒரு நாள் புத்தகத்தைத் தொட வேண்டாம். சரி, அது குழந்தைகளுக்கு. ஆறு சர்வரின் சாவியையுமா கொண்டுபோய் வைப்பார்கள்?

"சார், டிரஸ்ட் அப்ளிகேஷனுக்கு இன்னிக்குத்தான் லாஸ்ட் டேட். அஞ்சு மணிக்கு முடியுது. ஒரே ஒரு நிமிஷம் எடுத்துப் பார்த்துட்டு வெச்சிடலாம் சார்."

"பூஜையில வெச்சதை நடுவுல எடுக்கறதா? என்னம்மா பேசறே நீ? லாஸ்ட் டேட் அன்னிக்கு எவன் அப்ளை பண்ணுவான்? எல்லாம் முன்னாடியே பண்ணியிருப்பாங்க. காலைல எட்டு மணிக்கு வா, பார்த்துக்கலாம்."

வைத்துவிட்டார். எவன் அப்ளை பண்ணுவானாம்! கரண்ட் பில்லை வருஷம் முழுக்கக் கடைசி நாள் வரிசையில் நின்று கட்டுகிற மனிதர் கேட்கிற கேள்வி இது. அமெரிக்கக் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன். கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு ரகசியக் கேள்வியின் விடையைச் சொல்லுங்கள் என்றார்கள். அதுவும் அந்த நோட்டில்தான் இருந்தது. ஐந்து மணி அடிக்கிறவரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு, கற்பூரம் காட்டி, நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் பட்டனை அழுத்தினார். ஆறும் எழுந்தன. "பார்த்தியா? ஒண்ணும் ஆகலை" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"அக்கா, டிரஸ்ட் பக்கத்துக்கு அடியில இந்த நம்பர் போட்டிருந்துச்சு. நேத்து பூரா பக்கமே வரலைக்கா. இப்ப வருது, ஆனா தேதி முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுது."

அதற்கடுத்த நாள் அந்தப் பெண் நேரிலேயே வந்துவிட்டாள். பதினெட்டு வயதிருக்கும். கூடவே அம்மா. கோவளம் பக்கத்தில் ஒரு குப்பம். அம்மா தினமும் மேடவாக்கத்தில் மீன் விற்பவர். விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய சான்றிதழ் பூஜைக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்ததாம். முதலாளி அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எங்க சர்வர்ல ஒண்ணும் பிராப்ளம் இல்லம்மா. உங்க பிரௌசிங் சென்டர்ல நெட் வந்திருக்காது" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அம்மா விடவில்லை. "இன்னா சார் பேசறே? மத்ததெல்லாம் நல்லா வந்துகினு இருந்துச்சு, ஒன்னுது மட்டும்தான் வரல. சென்டர்காரனே சொன்னான். சரஸ்வதி பூஜை அன்னிக்கு எவன் மீன் வாங்குவான்? அதான் அன்னிக்கு யாவாரத்த வுட்டுட்டு இவளை இஸ்துகினு தாம்பரம் வந்தேன். காத்தாலேர்ந்து சாங்காலம் வரிக்கும் அங்கயே குந்திகினு இருந்தோம். படிப்பு வரணும்னுதானே அந்தச் சாமியக் கும்புடறது? வர்ற படிப்பையும் புடுங்கிக்கினா இன்னா பூஜை சார் அது?"

நாங்கள் பூஜைக்காக நிறுத்தினோம் என்பது அவருக்குத் தெரியாது. மேஜை மேல் இருந்த சந்தனப் பொட்டுகளைப் பார்த்து வாய்க்கு வந்ததைக் கேட்டார், அவ்வளவுதான். எனக்கோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அவர்கள் படியிறங்கியதும், ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை முதலாளி எடுத்துவந்தார். டிரஸ்டிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்களாம். "அன்றைய தினம் முழுவதும் எங்கள் சர்வர்கள் தடையின்றி இயங்கின" என்று இருந்தது. கீழே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டு, நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்.

"இது பொய் சார். நான் போட மாட்டேன்."

"அப்ப, சாமி கும்பிட்டதுதான் தப்புன்னு எழுதிக் குடுக்கணுமா? உங்க ஆளுங்களுக்கு இதானே வேணும்?"

அடப்பாவி மனுஷா! இந்த ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாதே என்றுதானே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஆறையும் அணைத்தேன். மூடியும் வந்துவிட்டது. அப்படியானால் அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். ஒரு பெண்ணின் படிப்பாவது மிஞ்சியிருக்கும். நேராக என் மேஜைக்குப் போனேன். அந்த மெஷின்கள் எப்போது அணைந்தன, எப்போது எழுந்தன என்பதை அவையே எழுதி வைத்திருக்கும். பூஜை நாள் பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அணைந்தது, விஜயதசமி காலை எட்டு இருபதுக்கு எழுந்தது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். தாயும் மகளும் தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அதே ஆட்டோவில் மூன்று பேரும் சேலையூர் போனோம்.

டிரஸ்ட் செயலாளர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். கண்ணாடியை ஏற்றி ஏற்றித் தாளைப் படித்தார்.

"யார் அணைச்சது?"

"நான்தான் சார்."

அம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். ஆட்டோவில் வழி முழுக்க என்னை "நல்லா இரு கண்ணு" என்று வாழ்த்திக்கொண்டே வந்தவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

செயலாளர் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதைக் கமிட்டியில வெச்சா, அந்தக் கம்பெனிக்கு ஏன் வேலை குடுத்தீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க. உங்க முதலாளிக்கும் கெட்ட பேரு. ஏன் அதெல்லாம்? ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. லேட் அப்ளிகேஷன்னு போட்டு எடுத்துக்கலாம்." பீரோவைத் திறந்து ஒரு காகித விண்ணப்பத்தை எடுத்தார். போன வருஷத்துக் கட்டு, அப்படியே இருந்தது. இணையத்தில் மட்டும்தான் என்று என்னைப் போடச் சொன்னவர் பீரோவில் ஒரு கட்டு!

அந்தப் பெண் மேஜை ஓரமாக உட்கார்ந்து எழுதினாள். கடைசியில் நிமிர்ந்து, "சார், தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?" என்றாள்.

"'என் கவனக்குறைவால் உரிய நேரத்தில் விண்ணப்பிக்கத் தவறிவிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன்.' அப்படி எழுதும்மா, கமிட்டியில கேள்வி வராது."

"சார், இது அநியாயம்! அவ என்ன தப்பு பண்ணினா? நாள் பூரா உட்கார்ந்திருக்கா!" என்று நான் கத்தியே விட்டேன்.

"நீ கம்முனு இரும்மா" என்றார் அந்த அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். "எழுதுடி. நமக்கு சீட்டுதான் வேணும்."

அவள் எழுதினாள். அழகான கையெழுத்து. கோடு போட்டது போல நேராக, 'மன்னிக்க வேண்டுகிறேன்' என்று முடித்து, தன் பெயரை எழுதினாள். இடம் கிடைத்தது. இரண்டு வாரத்தில் விடுதியில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். முதலாளி கேட்கவில்லை, செயலாளர் கேட்கவில்லை. அந்த மேஜையில் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்த நானும் கேட்கவில்லை. அந்த விவகாரத்தில் மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.