பனாமாவில் வைத்த சோறு

ஆவி, பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் ஆள் நான். அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். 'இப்பத்தான் சார் கையில வச்சிருந்தேன், காத்துல பறந்துருச்சு' என்று பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தவர்களையெல்லாம் பார்த்தவனுக்கு லேசில் நம்பிக்கை வருமா? அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்களுக்குத் திருமயம். மகள் தேன்மொழி கல்யாணமாகிப் பனாமாவில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுச் சகாயமேரியிடம் கொடுத்துவிட்டு, நானும் என் மனைவி சிவகாமியும் இங்கேயே வந்துவிட்டோம்.

எனக்கு ஊர் ஒத்துப்போனது. வெயிலும் மழையும் நம்மூர் மாதிரிதான். எதிரே வருகிறவர்களிடம் 'புவேனாஸ்', கடைக்காரரிடம் 'கிராசியாஸ்', இந்த இரண்டு ஸ்பானிஷ் வார்த்தைகளை வைத்தே பொழுதை ஓட்டினேன். பஸ்ஸில் எவனாவது கார்டைக் காட்டாமல் நழுவினால் மட்டும் பழக்கதோஷத்தில் எனக்குக் கை பரபரக்கும்.

சிவகாமிக்குத்தான் ஒட்டவே இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள், இங்கே காக்கை கிடையாது.

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான், செந்தில். ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவனுக்கு முன்பல் விழுந்திருந்தது. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டி ஓட்டின்மேல் எறிந்துவிட்டு, முளைத்துவிட்டதா என்று நாக்கால் தடவித் தடவிப் பார்ப்பான். முளைப்பதைப் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அன்றிலிருந்து சிவகாமி மதியம் கொல்லை மதிலில் காக்கைக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் சாப்பிடுவாள்.

இங்கே பால்கனிச் சுவரில் வைத்தாள். நீளவால் கறுப்புப் பறவை ஒன்று சுற்றுகிறதே தவிர, சோற்றைச் சீண்டவில்லை. அவளும் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே வந்தாள். "நாம இங்கிட்டு வந்துட்டோம், பிள்ளைக்கு அங்கிட்டு யாரு சோறு வைப்பா?" என்பாள். எனக்கு எரிச்சலாகவும் வரும், அழுகையாகவும் வரும். தேன்மொழியோ, "பூட்டிக் கெடக்குற வீட்டை வித்துருங்கப்பா, அம்மாவுக்கு அந்த நெனப்பே போயிரும்" என்று பத்திரத்தைக் கேட்க ஆரம்பித்தாள். எனக்கும் விற்றுவிடலாம் என்றுதான் இருந்தது.

அப்போதுதான் ஒருநாள் பால்கனியில் வைத்த சோறு காணாமல் போனது. மறுநாளும் போனது. அந்தப் பறவை பழகிவிட்டது என்று நினைத்தேன். சிவகாமி முகம் தெளிந்து உட்கார்ந்து சாப்பிட்டாள், எனக்கு அது போதும்.

நம்பினால் நம்புங்கள், அந்த வாரமே சகாயமேரி போன் பண்ணினாள்.

"அண்ணே, ஒங்க கொல்லை மதில்ல தெனம் விடிஞ்சா சோறு இருக்குண்ணே, காக்கா கூட்டமா வந்து திங்குது. யாரும் வைக்கச் சொல்லிருக்கீங்களா?"

இங்கே மதியம் என்றால் அங்கே ராத்திரி. கணக்கு ஒத்துப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. சிவகாமி சகாயமேரியிடம் எதையோ உளறி, இவள் கதை கட்டுகிறாள் என்றுதான் தோன்றியது. பரிசோதகர் புத்தி எங்கே போகும்? ஒரு சோதனை வைத்தேன்.

அம்மாவும் மகளும் குழந்தைக்கு ஊசி போடப் போயிருந்த ஒரு மதியம், கீழே உள்ள சாப்பாட்டுக்கடையில் இந்த ஊர்ச் சாப்பாடு வாங்கி வந்தேன். சோறு, சிவப்பு பீன்ஸ், தட்டி வறுத்த வாழைக்காய். கொஞ்சம் சோறும் பீன்ஸும் சுவரில் வைத்தேன். வாழைக்காயைக் கையில் எடுத்தவன், ஏதோ ஞாபகத்தில் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டேன். எச்சிலைப் படைக்கலாமா என்பது அப்புறம்தான் உறைத்தது. செந்தில் என் பக்கத்தில்தான் சாப்பிட உட்காருவான். வறுவலை நான் ஒரு கடி கடித்து, சூடு பார்த்துக் கொடுத்தால்தான் தின்பான். கைக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. எடுத்துவிட மனம் வராமல் உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தபோது சுவர் துடைத்த மாதிரி இருந்தது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி, அங்கே விடிந்ததும் சகாயமேரி கூப்பிட்டபோது அவள் குரல் சரியாக இல்லை.

"இன்னைக்கு மதில்ல சோத்தோட செவப்பா ஏதோ பயறு கெடந்துச்சுண்ணே. காக்கா மோந்துட்டுப் போயிருச்சு."

"வாழக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது மதில்ல இல்லண்ணே. கூட்டலாம்னு பூட்டைத் தொறந்து உள்ள போனேன். அடுப்படியில, நீங்க சாப்பிட ஒக்காருவீங்கல்ல, அந்த எடத்துல கெடக்கு. சன்னலெல்லாம் சாத்தித்தான் இருக்கு. அண்ணே, உள்ள சின்னப்பிள்ளை யாரும் இருக்கா?"

படம் அனுப்பினாள். நான் கடித்த கடி அதில் இருந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கடி. நடுவில் ஒரு பல் இல்லாத வாய் கடித்தால் எப்படி இருக்குமோ அப்படி, நடுவில் மட்டும் ஒரு துண்டு கடிபடாமல் நீட்டிக்கொண்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

சிவகாமியிடம் அந்தப் படத்தை இதுவரை காட்டவில்லை. காட்டினால் அடுத்த விமானத்தில் கிளம்பிவிடுவாள், போய் எதைப் பார்ப்பாளோ என்று எனக்குப் பயம். வீட்டை விற்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு வயதானதும் வீம்பு வந்துவிட்டது என்கிறாள் தேன்மொழி, சொல்லிக்கொள்ளட்டும். மதியம் சிவகாமி சோறு வைத்துவிட்டு நகர்ந்ததும், ஒரு வாழைக்காய்த் துண்டைக் கடித்து நானும் பக்கத்தில் வைக்கிறேன். சகாயமேரி ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாரம் ஒருமுறை உள்ளே போய்க் கூட்டிவிட்டு வருகிறாள். எனக்காகப் படமும் எடுத்து அனுப்புகிறாள்.

போன வாரம் வந்த படத்தைத்தான் இப்போதும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சின்னக் கடியில் இப்போது இடைவெளி இல்லை. பல் முளைத்திருக்கிறது.