காளையார்கோவில் லேகியமும் காரைக்குடி ஸ்கேனும்: அஞ்சாம் நாள் போய்த் திரும்பி வந்த கதை

முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் கோயம்புத்தூரில் இன்ஜினியர், சொந்தமாகக் கார் வைத்திருக்கிறான். அடுத்தவன் சரவணன் மின்வாரியத்தில் வேலை, பரீட்சை எழுதிப் போனவன், யாரையும் பிடித்துப் போகவில்லை. சரவணன் பெண்டாட்டி மீனா எம்.காம். வீட்டிலிருந்தே ஆரி வேலை ரவிக்கை தைக்கிறாள், காரைக்குடிக் கடைக்காரர்கள் எங்கள் ஊர் பள்ளத்தூருக்கு வந்து வாங்கிப் போகிறார்கள். பேத்தி யாழினி காலேஜில் முதல் மார்க். இந்தப் பக்கத்தை எனக்கு ஆரம்பித்துக் கொடுத்தவளும் அவள்தான். நான் அஞ்சாம் வகுப்பு. பேசினால் செல்போன் எழுதிக்கொள்கிறது, தப்பை மட்டும் உட்கார்ந்து திருத்துகிறேன்.

இவ்வளவு இருந்தும் சரவணனுக்கும் மீனாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருசம், பிள்ளை இல்லை. அதற்காகப் போன பயணம்தான் இது. போன மாதத்துக்கு முந்தின மாதம், ஒரு புதன்கிழமை. இதே காரியத்துக்கு அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பினால் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

ஒரே நாளில் இரண்டு இடம் என்று திட்டம் போட்டது நான். காலையில் காளையார்கோவில் பக்கம் ஒரு நாட்டு வைத்தியர், மத்தியானம் காரைக்குடியில் மூன்று மாதமாகப் பார்க்கிற ஒரு பெண் டாக்டர். இரண்டு மருந்தும் சேர்ந்தால் சீக்கிரம் பலிக்கும் என்று நினைத்தேன்.

காலை 5.40க்குப் பள்ளத்தூரில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சரவணனுக்கு மட்டும்தான். காரைக்குடியில் 6.30க்கு அடுத்த பஸ், ஆளுக்கு முப்பத்திரண்டு ரூபாய். அந்த பஸ் வழியில் ஆள் கை காட்டின இடமெல்லாம் நின்றது. காளையார்கோவில் போய் இறங்கும்போது மணி எட்டு. கோபுரத்தைப் பார்த்து ரோட்டிலிருந்தே கும்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். ஆறு கிலோமீட்டர், போக வர முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு வந்தார்.

"வைத்தியர் வீட்டுக்குத்தானே ஆச்சி?" என்றார் டிரைவர்.

"நான் செட்டியார் வீட்டு ஆச்சி இல்லப்பா, நாங்க விவசாயக் குடும்பம். வைத்தியர் வீடுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னால ஒரு பெரியவுக, நடுவுல ஒரு பொண்ணு, பின்னால மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு ஆம்பள. வேற எங்குட்டுப் போவீக?"

மீனா சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வைத்தியர் வீட்டில் டோக்கன் நாற்பத்தொன்று. உட்கார இரண்டு பெஞ்சு, அதிலும் ஒன்று வெயிலில். கக்கூஸ் கேட்டால் காட்டுப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். 10.50க்குக் கூப்பிட்டார்கள். வைத்தியர் மீனாவின் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடி, "கர்ப்பப்பை சூடு" என்றார். இதற்கு முன்னால் பார்த்த மூன்று வைத்தியர்களும் சொன்னது அதேதான். நாற்பத்தெட்டு நாள் லேகியம். கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, கோழி ஆகாது.

"இவுகளுக்குப் பாக்க வேண்டாமா?" என்று மீனா கேட்டாள்.

வைத்தியர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சரவணன் எதிர்க்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். "ஆம்பள நல்லாத்தான இருக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து லேகிய டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டேன்.

காரைக்குடி திரும்பும்போது 1.20. சாப்பிட்டுவிட்டுக் கிளினிக் போய் உட்கார்ந்தோம். அங்கே ஃபேன் உண்டு, கக்கூஸ் சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டு மணி என்று போட்டிருந்த டாக்டர் வந்தது மூன்றே முக்காலுக்கு. அதுவரைக்கும் டிவியில் குண்டு குண்டுக் குழந்தைகளாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இதை யார் போடச் சொன்னது என்று கேட்டே விட்டேன். ரிமோட்டைக் காணோமாம்.

நர்ஸ் அட்டையைப் பார்த்தார். "இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"அஞ்சு" என்றாள் மீனா, மெதுவாக.

"ரெண்டாம் நாள் இல்லாட்டி மூணாம் நாள் வரச் சொல்லியிருக்கே. மூணு மாசமா அஞ்சாம் நாளே வாரீக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடியற்காலம் கிளம்பினோம், எதையாவது பார்த்து அனுப்புங்கள் என்று சத்தம் போட்டேன். டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்கிற ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் மாதவிலக்கு வந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் எடுப்பது. முட்டை எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் கணக்குத் தெரியுமாம். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் நல்ல காரியத்துக்குக் கிளம்பக்கூடாது. நாலாம் நாள் தலைக்குக் குளித்து, அஞ்சாம் நாள்தான் படி இறங்கலாம். பிள்ளை வேண்டிப் போகிறதை விட நல்ல காரியம் எது? ரெண்டாம் நாளே போக வேண்டும் என்று மீனா முதல் மாதமே சொன்னாள். "ஸ்கேன் மிஷினுக்கு நாளு கிழமை தெரியுமா, பேசாம இரு" என்று அடக்கியது நான்.

டாக்டர் கேட்டார்: "ரெண்டாம் நாள் வரவிடாம யாரு நிப்பாட்டுறது?"

மீனா ஜன்னலைப் பார்த்தாள். சரவணன் செருப்பைப் பார்த்தான். இரண்டு பேருமே என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பையிலிருந்த டப்பாவைப் பார்த்து, "இதுல என்ன சேத்திருக்காக?" என்றார். தெரியாது என்றேன். "சித்த மருந்து வேணும்னா அரசாங்க ஆஸ்பத்திரியிலயே படிச்ச சித்த டாக்டர் இருக்காக. மருந்துப் பேரை எழுதிக் குடுப்பாக, அதை எங்கிட்டயும் காட்டுங்க. என்னன்னு தெரியாததை எந்த மாத்திரையோடயும் சேக்காதீக" என்றார். அப்புறம் சரவணனைப் பார்த்தார். "உங்களுக்கு எழுதிக் குடுத்த டெஸ்ட் என்னாச்சு?"

அதற்குப் பெயர் விந்துப் பரிசோதனை. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆறு வருசமாக மீனாவிடம் யாரும் கூச்சமா என்று கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். மூன்று மாதமாக அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறான்.

ஐந்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் இளநீர் வாங்கினோம். மீனா குடிக்கவில்லை.

"அப்பத்தா, இனிமே நான் எங்கயும் வரல. இதோட போதும்" என்றாள்.

"என்ன தாயி இப்புடிச் சொல்ற?"

"ஆறு வருசமா எத்தன பேரு எங்கையப் புடிச்சு நாடி பாத்துட்டாக. இவுக கையை ஒருத்தராவது புடிச்சாகளா? பத்தியம் எனக்கு, ஊசி எனக்கு, பேச்சு எனக்கு. இவுகளுக்கு பஜ்ஜி."

சரவணன் வெகுநேரம் இளநீர்க் குழாயைக் கடித்துக்கொண்டிருந்தான். "சனிக்கிழமை ஆபீஸ் லீவு. நான் போயிட்டு வாரேன்" என்றான். எனக்கு என் மேலேயே அவ்வளவு எரிச்சல். டப்பாவை வீட்டுக்கு வந்து குப்பையில் போட்டேன்.

சனிக்கிழமை போனான். திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. அவன் பக்கம் குறை இருக்கிறது, உயிரணு எண்ணிக்கை கம்மியாம். மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். சிகரெட்டை விடச் சொன்னார்கள். அவன் சிகரெட் குடிக்கிறான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் இரண்டாம் நாள் வியாழக்கிழமை விழுந்தது. காலை 7.10 பஸ்ஸுக்கு நானே கதவைத் திறந்து முன்னால் இறங்கினேன். மீனா படியில் நின்று, "நெசமாவா அப்பத்தா?" என்றாள். "பஸ் போயிரும், வா" என்றேன். சரவணனும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். 8.15க்கு ரத்தம், 9.30க்கு ஸ்கேன், பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மாதம் அலைந்தது இந்த இரண்டேகால் மணி நேரத்துக்குத்தான்.

பிள்ளை உண்டாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். இல்லை. வைத்தியம் நடக்கிறது, பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மீனா வருகிறாள், இப்போதைக்கு அது போதும்.

போகிறவர்கள் இதை மட்டும் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் பரிசோதனைக்குப் பேர் கொடுங்கள். ஆண்களுக்கு அதற்கு முன்னால் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள், எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். பழைய சீட்டெல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிட்டு நாடி பார்க்கிற இடமாக இருந்தால் ஆட்டோவை அனுப்பாமல் அதிலேயே திரும்பிவிடுங்கள். பெரியவர்கள் கூடப் போகத்தான் வேண்டுமென்றால் பையைத் தூக்குங்கள், நாள் குறிக்காதீர்கள்.

இதை எழுதலாமா என்று சரவணனிடம் கேட்டேன். "எம்பேரப் போட்டே எழுதுங்க அப்பத்தா. எங்கூட வேலை பாக்கிறவனுக ரெண்டு பேரு இன்னும் சீட்டைப் பையில வச்சிருக்கானுக" என்றான். இன்ஜினியர் பேரனைப் பற்றிப் பத்துத் தடவை எழுதியிருக்கிறேன். இவனைப் பற்றி இப்போதுதான் ஒழுங்காக எழுதுகிறேன்.

யாழினி, உனக்கு ஒரு வேலை. இந்தப் பக்கத்தின் மேலே இருக்கிற குடும்பப் படத்தை எடுத்துவிடு. அது உன் அக்கா மகன் காதுகுத்தில் எடுத்தது, அதில் மீனா இல்லை. சீர்த்தட்டு எடுக்க வந்தவளை, பிள்ளை இல்லாதவள் என்று பின்னால் போய் நிற்கச் சொன்னது நான்தான். அந்த வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இளநீர்க்காரர் எங்கள் மூன்று பேரையும் ஒரு படம் எடுத்தார், உனக்கு அனுப்பியிருக்கிறேன். மீனா நடுவில் ஃபைலோடு நிற்கிறாள், இளநீர் குடிக்கிறாள். ஓரத்தில் அவர் விரல் விழுந்திருக்கிறது, அது கிடக்கட்டும். அதைப் போடு.