கால் ஊன்றாமல்

அந்தப் பட்டாளத்துக்காரரை நினைத்தாலே எனக்கு எங்கள் தெருவின் மேல் ஆத்திரம் வருகிறது. பர்மாச் சண்டையில் மோட்டார் சைக்கிளில் சேதி கொண்டு போனவர். ஊர் திரும்பிய பிறகும் காலில் எப்போதும் பூட்ஸ் இருக்கும். பரளச்சிக் கண்மாய் காய்ந்து கிடந்த கோடையில், நான் வாங்கிய பழைய பட்டாளத்து வண்டியை ஓட்ட அவர்தான் பழக்கினார். கரம்பைக் கட்டிகளின் மேல் ஆள் நடக்கும் வேகத்தில் போகச் சொல்வார். வண்டி சாய்ந்ததும் நான் பயந்து காலை ஊன்றுவேன்.

"ஊனாதீகய்யா. கிளட்சைப் பாதி விட்டுப் பிடிங்க, வண்டி தானா நிமிரும்" என்பார்.

நாலாம் நாள் அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி இறங்கினார். பூட்ஸைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார்.

"ஏன் எறங்கிட்டீக?"

"எங்க ஆளுக இந்தத் தெருவுல ஏறிப் போகக் கூடாதுல்லய்யா. நீங்க உக்காருங்க, தள்ளிட்டு வாரேன்."

குண்டு விழுந்த சேற்றிலும் கால் ஊன்றாமல் ஓட்டியவரை இறக்கிவிட எங்கள் தெருவுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இதை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். கொதிக்கும் மண்ணில் வெறுங்காலோடு என் வீட்டு வாசல் வரை அவர் தள்ளி வந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் பழக்கியபடி, கடைசி வரை காலை ஊன்றவே இல்லை.