போகிக்குப் போன கூடு

எனக்கு அணிலைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை என் மனைவி யாரிடமாவது சொன்னால், "இவருக்கு ரொம்ப இளகின மனசு" என்றுதான் தொடங்குவாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இளகின மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஓர் ஆலையின் ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். தரைத்தளத்தில் வீடு. எனக்கு ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் படுத்தால், கண் அசரும் நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே அணில் கத்த ஆரம்பிக்கும். எழுந்து போய்க் கையைத் தட்டினால் நிறுத்தும். வந்து படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். கேபிள் ஒயரைக் கடித்து வைத்தது. கொடியில் காயப்போட்ட புதுத் தலையணையைக் கிழித்து இலவம் பஞ்சை வாய் வாயாகக் கொண்டுபோனது. எங்கே கொண்டுபோனது என்பது பொங்கலுக்குச் சுத்தம் செய்தபோது தெரிந்தது. சமையலறைச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கென்று வட்டமாக ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். எங்களிடம் ஃபேன் இல்லை. அதனால் அந்த ஓட்டையில் அணில் குடியேறிவிட்டது.

நான் மதுரைப் பக்கம். எங்கள் ஊரில் போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்போம், வேப்பிலையும் பூளைப்பூவும் வைத்துக் காப்புக் கட்டுவோம். அவ்வளவுதான். எதையும் தெருவில் போட்டுக் கொளுத்த மாட்டோம். மனைவிக்குச் சென்னையை ஒட்டிய ஊரப்பாக்கம். அவர்கள் பக்கம் போகி என்றால் விடியற்காலையில் வாசலில் நெருப்பு, பிள்ளைகள் கையில் சின்ன மேளம், ஊரெல்லாம் புகை. கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. புதிதாகப் பழகியவனுக்கு ஆர்வம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், பழைய காலண்டர் என்று வீடு முழுக்கத் தேடித் தேடிச் சாக்கில் அடைத்தேன்.

போகிக்கு முதல் நாள் சாயங்காலம் ஸ்டூல் மேல் ஏறி, ஒட்டடைக் கம்பால் அந்த ஓட்டையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கூடு பின்பக்கம் விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தால் பஞ்சு, தேங்காய் நார், என் பழைய பனியன் துண்டு எல்லாம் சேர்த்து ஒரு பந்து. என் பனியனைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது. அப்படியே அள்ளிச் சாக்கில் போட்டு, அதன் மேல் பாயைத் திணித்து, வாயைக் கயிற்றால் கட்டிவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்துக் கொடியில் இருந்த துணியை எடுக்கப் போன மனைவி என்னைக் கூப்பிட்டாள். துணி துவைக்கும் கல்லின் ஓரமாக ஒரு குட்டி கிடந்தது. என் நடுவிரல் நீளம் இருக்கும். கண் திறக்கவில்லை. முதுகில் மூன்று கோடு அப்போதுதான் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. உதட்டோரம் ஒரு சொட்டு ரத்தம். வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

"ஐயோ, கூட்டுல இருந்து விழுந்திருக்கு. கூட்டுல வேற குட்டி இருந்துதா, பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன், இல்லை" என்றேன்.

நான் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. சாக்கைக் கட்டியாகிவிட்டது, குனிந்து பிரிக்கச் சோம்பல். தப்பு என்னுடையது என்று அவள் சொல்லிவிடுவாளோ என்ற வீம்பு. இந்த இரண்டும்தான்.

குட்டியை வேஷ்டித் துணியில் எடுத்து, ஆலையில் கொடுத்த ஷூ டப்பாவில் பஞ்சு போட்டு வைத்தோம். அதற்குள் செய்தி மாடிக்குப் போய்விட்டது. மாடி வீட்டுக்காரர் எனக்கு ஒரு கிரேடு மேலே. அந்தக் குடியிருப்பில் அது சாதாரண விஷயம் இல்லை. கிரேடு கூடினால் வீடு மாறும், மரியாதை மாறும், அவர் சொல்லும் வார்த்தையின் எடையும் கூடும். தக்காளிச் செடிக்கு என்ன உரம் என்பதைக்கூடக் கிரேடு பார்த்துத்தான் கேட்போம். அவர் கீழே வந்து, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"கையால தொட்டாச்சு இல்லையா? இனி தாய் சேர்க்காது. மனுஷ வாடை பட்டா ரிஜெக்ட் பண்ணிடும். அது சயின்ஸ். பால் கொடுத்து வளர்த்துக்குங்க."

அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ராமர் கை பட்ட ஜீவன். உங்க வீட்டுக்கு வந்திருக்கு, புண்ணியம்."

அவர்கள் படியேறும்வரை பொறுத்திருந்து என் மனைவி கேட்டாள்: "ராமர் தொட்டாரே, அந்த அணிலை அதோட அம்மா சேர்த்துக்கலையா?"

இப்போது நினைத்தால், அன்று அந்த வீட்டில் யாராவது பேசிய ஒரே அறிவுள்ள பேச்சு அதுதான். நான் என்ன செய்தேன்? "உனக்கு எல்லாம் கிண்டல். அவரு படிச்சவரு" என்று எரிந்து விழுந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எனக்கும்தான் தெரியும். ஆனால் அந்தச் சுரைக்காய் ஒரு கிரேடு மேலே இருந்து சொன்னதே!

பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து, பேனாவுக்கு இங்க் போடும் ஃபில்லரால் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். குடித்தது. குடித்த சந்தோஷத்தில் நானே வாய்விட்டுச் சிரித்தேன். என் சுண்டுவிரலைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது. அந்த நிமிஷத்திலிருந்து அது செத்துவிடக் கூடாது என்று ஆகிவிட்டது எனக்கு. பிடிக்காத ஜீவனுக்காக இப்படித் தவிப்பதும் ஒரு எரிச்சல்தான்.

வெளியே பின்பக்க மதில் மேல் தாய் அணில் கத்திக்கொண்டே இருந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

மறுநாள் போகி. விடிவதற்கு முன் வாசல் வாசலாக நெருப்பு எரிந்தது. நான் சாக்கைத் தூக்கி அப்படியே போட்டேன். பாய் பிடித்து, சாக்கு பிடித்து, நன்றாக எரிந்தது. பிள்ளைகள் நெருப்பைச் சுற்றி நின்று மேளத்தை அடித்துத் தள்ளினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

எட்டு மணிக்குச் சாம்பலைக் கூட்டக் காண்ட்ராக்டில் வேலை செய்யும் பெண் வந்தாள். பக்கத்துக் கிராமம். என் வயதுதான் இருக்கும். வழக்கமாகச் செடி வெட்டுவாள், அன்றைக்கு மட்டும் எல்லோரையும் சாம்பல் அள்ள விட்டிருந்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்தவள் துடைப்பத்தை நிறுத்தி, காதைத் தீட்டினாள்.

"இன்னா சார், அணிலு அப்படிக் கத்திகினு கீது? குட்டி கிட்டி வுழுந்துச்சா?"

"விழுந்துது. உள்ளே வெச்சிருக்கோம்" என்று சொன்னேன்.

"உள்ள இன்னாத்துக்கு வெச்சிகினு கீற? டப்பாவோட தூக்கி சன்ஷேடு மேல வெய்யி. அதுவே வந்து கவ்விகினு பூடும்."

"கை பட்டுடுச்சு. தாய் சேர்க்காது."

"யாரு சொன்னது? எங்க வூட்டு வேப்பமரத்துல எத்தினி தபா வுழுந்து கீது. நாங்க கையாலதான் எடுத்து வெப்போம். பெத்தது வுட்ருமா சார்?" என்று சொல்லிவிட்டு, "கூடு எங்க?" என்று கேட்டாள்.

நான் அவள் காலடியைப் பார்த்தேன். அவளும் குனிந்து சாம்பலைப் பார்த்தாள்.

"இதுலயா போட்ட?"

"ஆமாம்."

"பிரிச்சிப் பாத்தியா? ரெண்டு மூணு போடுமே அது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன் வேலையைப் பாரும்மா!" என்று கத்தினேன்.

"வேலயதான் பாத்துகினு கீறேன். நீ கொளுத்துனத நான்தான அள்றேன்" என்றாள். அன்று அவள் சாம்பலைக் கூட்டிய விதம் எனக்கு மறக்கவில்லை. துடைப்பத்தால் இழுத்துத் தள்ளவில்லை. குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு அள்ளினாள். அவள் கண்ணில் எதுவும் பட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வேலைக்காரி எனக்குப் பாடம் எடுப்பதா என்ற ஆத்திரம். இந்த வார்த்தையை இப்போது எழுதவே கூசுகிறது, ஆனால் அன்று மனசில் ஓடியது இதே வார்த்தைதான்.

பொங்கலன்று குட்டியின் வயிறு உப்பிவிட்டது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. ஃபில்லரை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பியது. பேதியாகி அடியில் ஈரம். நாற்பது வாட் பல்பைப் பக்கத்தில் எரியவிட்டோம், பாலை இன்னும் தண்ணீராக்கினோம். மாடிக்குப் போய்க் கேட்டேன். சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே, "சர்வைவல் ரேட் கம்மிதான்" என்றார். அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எவ்வளவு கோபக்காரன் நான்! மேலே பார்த்தால் சரி சார், கீழே பார்த்தால் கத்தல்.

அன்று முழுக்க மனைவியைத் திட்டினேன். பால் சூடு அதிகம் என்று, துணி ஈரம் என்று, பொங்கலில் உப்பு என்று. அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வெடித்தாள். கோபம் வந்தால் ஊரப்பாக்கம் வெளியே வந்துவிடும் அவளுக்கு.

"இன்னா நெனச்சிகினு கீறீங்க? ரெண்டு நாளா வெளிய அம்மா கத்திகினு கீது, உள்ள புள்ள செத்துகினு கீது. நடுவுல நீங்க யாரு?"



மாட்டுப் பொங்கல் காலை, குட்டி அசைவில்லாமல் கிடந்தது. தொட்டால் மட்டும் கால் லேசாக இழுத்தது. நான்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, சன்ஷேடு மேல் வைத்தேன். இறங்கிப் பின்கதவுக்கு உள்ளே நின்றோம். அணில் ஏறவிட்ட நாய் போல நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மதிலிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து சன்ஷேடுக்கு வந்தது தாய். டப்பாவுக்குள் தலையை விட்டது. குட்டியை முகர்ந்தது, புரட்டியது, வயிற்றுப் பக்கம் கவ்வியது. குட்டி சுருண்டு அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. சாகக் கிடந்ததற்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்படியே மதில் வழியாக ஓடிப் புங்க மரத்தில் ஏறி மறைந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து நிமிஷ வேலைக்கு இரண்டரை நாள் பாலை ஊற்றிக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன்!

அவள் எப்போதும் இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவாள். கேட்பவர்களும் என்னை ஒரு மாதிரிக் கனிவோடு பார்ப்பார்கள்.

தாய் அணில் திரும்பி வந்தது. டப்பாவுக்குள் முழுசாக இறங்கியது. பஞ்சைப் பற்களால் இழுத்து இழுத்து வெளியே போட்டது. மேலே ஏறி, நான் அட்டை வைத்து அடைத்திருந்த ஓட்டையைப் பிராண்டியது. இறங்கித் துவைக்கும் கல்லைச் சுற்றி வந்தது. மறுபடி டப்பாவுக்குள் போனது. கத்தவில்லை. தேடியது.

மனைவி என் கையை விட்டாள்.

"கூட்டைப் பார்த்தீங்க இல்ல?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"பார்த்தேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன்.

அந்தச் சத்தத்தில் அணில் துள்ளி விழுந்து, மதிலேறி ஓடிவிட்டது. மத்தியானம் வரை பின்கதவைத் திறந்தே வைத்திருந்தோம். வரவில்லை.

மனைவி ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். சிதறிக் கிடந்த பஞ்சையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதற்குள்ளேயே போட்டாள். என்னைப் பார்க்காமலேயே, "ஒண்ணாவது பொழைச்சுது" என்றாள்.

அதற்குப் பிறகு கூட்டைப் பற்றிய அந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டதில்லை.