ஹல்துமுல்லையில் ஒரு சுவீடன் கொலை

பெரகல, ஹல்துமுல்லை பக்கம் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் அங்கே முதலில் போனது அறுபதுகளின் கடைசியில், கையில் இரண்டு படச்சுருள் டின்களோடு. அப்போது பதுளையில் வாத்தியார் வேலை. சுவீடன் நாட்டுப் படம் ஒன்று கொழும்பிலிருந்து வந்திருந்தது. நையாண்டி நாவலைத் தழுவிய கொலைக் கதை. ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்த நண்பர் ராசரத்தினம் அதைத் தன் தோட்டத்தில் காட்டக் கேட்டார். அடியில் ஆங்கில எழுத்து ஓடும். அதை மைக்கில் தமிழில் சொல்வது என் பொறுப்பு.

காலை ரயிலில் தெமோதரை வழியாக அப்புத்தளை, அங்கிருந்து பஸ்ஸில் பெரகல, பிறகு இன்னொரு பஸ். பெரகல இறக்கத்தில் மூடுபனி. டிரைவர் ஹார்னை நம்பியே ஓட்டினார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ராசரத்தினத்திடம் கதையைச் சொன்னேன். ஊரை ஆட்டிவைக்கும் ஆலை முதலாளியைக் கொன்றுவிடுகிறார்கள். அழ ஒரு ஆள் இல்லை. ராசரத்தினத்தின் முகம் வெளிறிவிட்டது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் பார்க்க வருகிறாராம். அனுமதி வாங்கியது இவர். கொலைக்குச் சனம் கைதட்டினால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த வீடும் போகும்.

"முதலாளி எண்டு சொல்லாதேங்கோ மாஸ்டர். மாமா எண்டு சொல்லுங்கோ."

காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள். துரை முன்னால் நாற்காலியில். இருட்டியதும் படம் ஓடியது. "மாமா வருகிறார், மாமா திட்டுகிறார்" என்று சொல்லிக்கொண்டே போனேன். துரைக்கு ஆங்கிலமும் வாசிக்க வரும், தோட்டத்துத் தமிழும் புரியும் என்பது பாதியில்தான் உறைத்தது. இனி மாற்ற முடியாது என்று மாமாவையே பிடித்துக்கொண்டு தொடர்ந்தேன்.

கொலையைத் திரையில் பட்டவர்த்தனமாகக் காட்டினார்கள். நல்லவேளை, யாரும் கைதட்டவில்லை. முதல் சுருள் முடிந்து விளக்குப் போட்டதும், கதை புரிந்ததா என்று பார்க்கத் துரை உற்சாகமாகச் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"கொன்னது யாரு?"

அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரை கேட்டு ஒருவர் இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. கடைசியில் கொழுந்தெடுக்கிற மாரியாயி எழுந்தாள்.

"நாங்க யாரும் பாக்கலைங்க தொரை."

துரையின் சிரிப்பு அடங்கிவிட்டது. மீதிப் படத்தில் அவர் திரையை விடத் தன் பின்னால் இருந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தார். கிளம்பும்போது ராசரத்தினத்தின் தோளில் கை வைத்தார்.

"அடுத்த தடவ மாமா இல்லாத படமா கொண்டு வாங்க" என்றார். பிறகு, தினமும் தனியாக நடந்து போகிற பங்களாவுக்கு, அன்று காவல்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்.

ராசரத்தினத்தின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. போகிறவர்கள் மதியத்துக்கு முன்பே பெரகலயைத் தாண்டிவிடுங்கள்; கம்பளிச் சட்டை அவசியம். தோட்டத்தில் யாரிடமும் வழி கேட்கலாம், கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.