காலண்டரில் வந்த பூவாடைக்காரி

எனக்குக் கல்யாணமாகி ஆம்பூரில் குடித்தனம் வைத்த புதிது. 1957 அல்லது 58 இருக்கும். என் கணவர் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் கிளார்க். தோலுக்குச் சாயம் விற்கிற சீமைக் கம்பெனி கொடுத்தது என்று ஒரு காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினார். முருகனும் இல்லை, லட்சுமியும் இல்லை. கறுப்பு உடுப்பில் ஒரு வெள்ளைக்காரி, நடுவகிடு எடுத்து, மடியில் கைகோத்து, நம்மையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின இத்தாலி ஓவியம், பெயர் தெரியாத பெண் என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். எட்டாவது படித்த பெருமை எனக்கு ரொம்பவே உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் அதே டேனரியில் தோல் சீவுகிறவர். மனைவி இறந்து பதினைந்து வருஷம். ஒரே மகள். தாய் போனபோது அவளுக்கு மூன்று வயது, முகம் ஞாபகமில்லை. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. என்னோடு பூத்தொடுக்க உட்காரும்போதெல்லாம் அம்மா எப்படி இருந்திருப்பாள் என்று கேட்பாள். நானா பார்த்தேன், பாவம்!

வருஷம் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்து அந்தப் படத்தைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால், சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவர்களைப் பூவாடைக்காரியாகக் கும்பிட்டு, புதுப்புடவை வைத்துப் படையல் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், படையலுக்கு முன்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் என் காலண்டர்க்காரி! நெற்றியில் குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். கீழே இருந்த எழுத்தைக் கத்தரித்திருந்தார்கள். எங்கம்மா அச்சு அசல் இப்படித்தான் இருப்பாங்களாம், அப்பா சொன்னாரு என்று அந்தப் பெண் வந்தவர்களுக்கெல்லாம் பூரிப்போடு காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! இது யாரோ இத்தாலிக்காரி, பெயரே தெரியாதவள் என்று போட்டிருந்ததே என்று பத்துப் பேர் நடுவில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

முன்பின் தெரியாதவளுக்கா படையல் என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் முகம் சுளித்தார். உறவுக்காரி ஒருத்தி படத்தை எடுக்கக் கை நீட்டினாள். பெண்ணின் அப்பா தலை நிமிரவே இல்லை.

"அவ மூஞ்சி இப்டிதாம்மா இருக்கும்," என்றார் மகளிடம். "நான் வேற எப்டி காட்டுவேன்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்தப் பெண் உறவுக்காரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி, "நெஜமாவே பேரு தெரியாதாக்கா இவங்களுக்கு?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"அப்ப இவங்களுக்கும் படையல் போட யாரும் இல்லதானே. எங்கம்மா மூஞ்சிய குடுத்தவங்க. ரெண்டு பேருக்குமே போடறேன்."

இன்னொரு இலையை எடுத்து அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் விரித்தாள். சோறும் வடையும் பாயசமும் அதிலும் குறைவில்லாமல் வைத்தாள். முகம் சுளித்த அம்மாள்தான் முதலில் எழுந்து வந்து கற்பூரம் காட்டச் சொன்னார். நான் விழுந்து கும்பிட்டேன், கண்ணீர் நிற்கவில்லை.

இன்றைக்கும் யாரையாவது திருத்த வாயெடுக்கும்போது, நான் தப்பு என்று சொல்லப்போவது அவர்களிடம் இருக்கிற ஒரே முகமாக இருக்குமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறேன்.